கோழிப் பாறை

ஜெசிந்தா பாறையானது ஒரு வெள்ளிக்கிழமை, காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. அந்தப் பாலைவனத்தில் அப்படி நடப்பதுண்டு. அங்கே நிற்கிற பாறைகளில் பாதி அப்படி வந்தவைதான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் போகிறார்கள். இடம் அவ்வளவு அழகு.

செலின், ஜெசிந்தா, விஜிலா மூவரும் சவுதி அரேபியாவின் தபூக்கில் ஒரே மருத்துவமனையில் நர்சுகள். மூவரும் குமரி மாவட்டம். வண்டி விஜிலாவுடையது. யோசனை செலினுடையது. மணலுக்கு நடுவே ஒரு பாறை தோரணவாயில் மாதிரி வளைந்து நிற்கிறது, வெயில் ஏறுவதற்குள் அதன் அடியில் நின்று படம் எடுக்க வேண்டும் என்று அவள் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தின இரவு அவளுக்கு நைட் டூட்டி. அதை அவளுக்குப் பதிலாக ஜெசிந்தா பார்த்தாள். நீ போய்த் தூங்கு, காலையில் நடக்க வேண்டியவள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஜெசிந்தாவும் நடக்க வேண்டியவள்தான். அது இருவருக்கும் தோன்றவில்லை. செலினுக்குக் கொஞ்சம் தோன்றியது.

நடக்கத் தொடங்கியதும் பாறைகள் தங்கள் வேலையைப் பார்த்தன. யானைப் பாறை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வந்தது. காளான் பாறை சற்று உட்கார்ந்து எழுந்தது. தோரணவாயில் மட்டும் இவர்கள் நெருங்க நெருங்க அதே தூரத்தில் நின்றது. வேறொரு கூட்டமும் அதை நோக்கிப் போவது தெரிந்தது. செலின் எட்டி நடந்தாள்.

பின்னாலிருந்து ஜெசிந்தா கூப்பிட்டாள்.

“செலினே, கொஞ்சம் நில்லுட்டி. காலு ஒரு மாதிரி கனக்குது.”

செலினுக்குக் கேட்டது. காற்றில் கேட்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அன்றைக்குக் காற்றே இல்லை. அவள் விஜிலாவிடம் ஏதோ பேச்சுக் கொடுத்து, திரும்பிப் பார்க்கவிடாமல் கூட்டிக்கொண்டு போனாள்.

படம் நன்றாக வந்தது.

திரும்பி வந்தபோது ஜெசிந்தா விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வரை பாறையாகியிருந்தது. சிவந்த நிறம், நல்ல உறுதியான பாறை. விஜிலா தட்டிப் பார்த்தாள். செலின் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். படுத்த நோயாளியைத் தூக்குகிற முறையில் இருவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். பாலைவனம்தான் சற்று மேலே வந்தது.

ஜெசிந்தா மன்னிப்புக் கேட்டாள். உங்கள் லீவு நாள் என்னால் கெட்டுவிட்டது என்றாள். நாளை தனக்குக் காலை டூட்டி இருப்பதை நினைத்துத்தான் அவளுக்குக் கவலை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் செலின். அவள் வாயிலிருந்து வந்த ஒரே உதவி அதுதான்.

அப்போது பாறைக் காவலர் தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சூடான்காரர். தக்கலைத் தமிழ் பேசினார். நாற்காலியை மணலில் போட்டு உட்கார்ந்து, ஜெசிந்தாவைச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, உச்சிவெயிலுக்குள் பெயர் வைத்தாக வேண்டும் என்றார். பெயரில்லாத பாறையைக் காற்று சீக்கிரம் தின்றுவிடுமாம். பார்க்க எப்படி இருக்கிறதோ அதுதான் பெயர். விட்டுவிட்டுப் போனவர்தான் வைக்க வேண்டும்.

யார் விட்டுவிட்டுப் போனது என்று அவர் கேட்கவில்லை. செலினைப் பார்த்தே பேசினார்.

“மனுஷி மாதிரி இருக்குன்னு சொல்லலாமா?” என்று கேட்டாள் செலின்.

“சொல்லலாம் சிஸ்டர். ஆனா கூட ஒரு ஆளு நிக்கணும். மனுஷின்னா நாங்க தனியா விடுகதில்ல.”

விஜிலா வண்டிச் சாவியைப் பார்த்தாள். ஜெசிந்தா எதிரே இருந்த மலையைப் பார்த்தாள். அவள் செலினைப் பார்த்திருந்தால் ஒருவேளை வேறு மாதிரி ஆகியிருக்கும். தன்னைப் பார்த்தால் செலினுக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் பார்க்காமல் இருந்தாள். அது செலினுக்குத் தெரியும்.

“கோழி,” என்றாள் செலின். “கோழி மாதிரி இருக்கு.”

காவலர் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்தார். ஆமாம், அடைகாக்கிற கோழி என்றார்.

“கோழி நல்ல பேருதான்,” என்றாள் ஜெசிந்தா. பிறகு அவள் வாய் பாறையானது. காதுதான் கடைசியில் ஆகும் என்றும், அதனால் போகும்போது பார்த்துப் பேசிக்கொண்டு போகும்படியும் காவலர் சொன்னார். இருவரும் ஒன்றும் பேசாமல் நடந்தார்கள். போகும்போது அவ்வளவு நீண்ட பாதை திரும்பும்போது முடிந்தே போயிருந்தது. நாலு எட்டு வைத்ததும் வண்டி நின்றது.

மறுநாள் செலின் ஜெசிந்தாவின் சீருடையைப் போட்டுக்கொண்டு காலை டூட்டிக்குப் போனாள். மாலையில் தன் சீருடையில் தன் டூட்டிக்குப் போனாள். காலையில் எல்லோரும் அவளை ஜெசிந்தா என்று கூப்பிட்டார்கள், மாலையில் செலின் என்று. காலையில் ஊசி போட்டால் நோயாளிகளுக்கு வலிக்கவில்லை. அதே கைதான். மாலையில் வலித்தது.

ஜெசிந்தாவின் அம்மா தெரசம்மாள் கொல்லங்கோட்டிலிருந்து தினமும் மகளை அழைப்பார். ஜெசிந்தாவின் போன் அறையில் கிடந்தது. விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் செலின் எடுத்தாள். தெரசம்மாள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பலா மரத்தில் காய் பிடித்தது, பக்கத்து வீட்டில் கல்யாணம் நின்றுபோனது, மீன்காரன் இரண்டு நாளாக வராதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுவில், தொண்டை ஏன் கட்டியிருக்கிறது என்று கேட்டார். மணல் காற்று என்றாள் செலின். மக்களே, சுக்கு போட்டுக் குடி என்றார்.

பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போல ‘மக்களே’ என்று செலினை யாரும் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. அவளுடைய அம்மா அவள் படிக்கும்போதே போய்விட்டார். மறுநாளும் சொல்லிவிடத்தான் எடுத்தாள். அதற்கடுத்த நாள் எதற்கு எடுத்தோம் என்று யோசிக்கவில்லை. பிறகு சாயங்காலமானால் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினாள். பாலைவனத்தில் நிற்காமல் நடந்ததைவிட இது பெரிய தப்பு என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் சுக்கு போட்டுக் குடித்தாள். தொண்டை சரியாகவில்லை.

ஒருநாள் தெரசம்மாள் படம் கேட்டார். மகளைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, முகம் மறந்துவிடும் போலிருக்கிறது, ஒரே ஒரு படம் அனுப்பு என்றார்.

செலின் தன்னைப் படமெடுத்துப் பார்த்தாள். எத்தனை தடவை எடுத்தாலும் செலின்தான் வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் விஜிலாவைக் கெஞ்சிப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனாள். விஜிலா வண்டியைவிட்டு இறங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கோழிப் பாறை பிரபலமாகியிருந்தது. குடும்பங்கள் அதைச் சுற்றி விரிப்பு விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. குழந்தைகள் முதுகில் ஏறிச் சறுக்கின. ஒருவர் அதன் முன்னால் நின்று கொக்கரித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். செலின் துப்பட்டாவால் பாறையின் கழுத்துப் பக்கம் படிந்திருந்த மணலைத் துடைத்தாள். துடைத்த இடம் ஜெசிந்தாவின் கழுத்து மாதிரியே இருந்தது. காவலரிடம் போய்ப் பெயரை மாற்ற முடியுமா என்று கேட்டாள்.

“மாத்தலாம் சிஸ்டர். ஆனா கூட நிக்க வேண்டிய இடத்துல இப்ப ஒட்டகம் வந்து நிக்குது.”

உண்மைதான். மேற்கே நின்ற ஒட்டகப் பாறை கோழியை ஒட்டி வந்திருந்தது. யாரைக் கேட்டு வந்தது என்று செலின் கேட்டாள். தனியாக நிற்கிறதே என்று பார்த்துத் தானாக வந்ததாகக் காவலர் சொன்னார். செலின் ஒட்டகத்தின் முன்னால் நின்று, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி மரியாதையாகக் கேட்டாள். அழுதும் கேட்டாள். ஒட்டகம் அசையவில்லை.

அவள் கோழிப் பாறையைப் படமெடுத்துத் தெரசம்மாளுக்கு அனுப்பினாள். இதற்குப் பிறகு சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். உடனே போன் அடித்தது.

“மெலிஞ்சிட்டியே மக்களே,” என்றார் தெரசம்மாள். “கறுத்தும் போச்சு.”

“வெயிலும்மா.”

“உங்கூட வந்த பிள்ளை எங்க? படத்துல ஒட்டகம்தானே நிக்குது.”

செலின் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“அவ நிக்காம போயிட்டாம்மா. நான் கூப்பிட்டேன். அவளுக்குக் கேட்டுது.”

தெரசம்மாள் அழவில்லை, திட்டவும் இல்லை.

“போட்டு, விடு. வெயில்ல தனியா நடக்கது பாவம். தண்ணி கொண்டுபோனாளா?”

தெரியவில்லை என்று சொல்லி செலின் போனை வைத்தாள்.

ஒட்டகத்துக்கும் கோழிக்கும் நடுவே, பக்கவாட்டில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இடுக்கு இருந்தது. செலின் அதில் போய் நின்றாள். தோள் இரண்டு பக்கமும் பாறையில் உரசியது. ஒட்டகத்தின் பக்கம் குளிர்ந்தும் கோழியின் பக்கம் வெதுவெதுப்பாகவும் இருந்தது. தூரத்தில் விஜிலா ஹாரன் அடித்தாள்.

விரிப்பில் உட்கார்ந்திருந்த குடும்பம் எழுந்து படமெடுக்க வந்தது. படத்தில் விழுகிறீர்கள், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று அந்த வீட்டுக்காரர் பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

செலின் தள்ளி நிற்கவில்லை.