ஏழாவது ஃபிரெட்டில் சாகும் சுரம்

...இதுவும் செத்துவிட்டது, புதுக் கிடாரின் கழுத்திலும் அதே ஏழாவது ஃபிரெட் கட்டை, அதே மெல்லிய கம்பி, மற்ற சுரமெல்லாம் காலடியில் அதிர்ந்து போக இது மட்டும் தொப்பென்று விழுந்து உயிரை விட்டது. யாராவது கேட்டார்களா என்று பரமசிவம் சுற்றிப் பார்த்தார். இல்லை, பந்தியில் பேப்பர் விரிக்கிறார்கள், மேடையில் கோபி கீபோர்டுக்கு ஒயர் தேடுகிறான், சூளகிரிக் கல்யாண மண்டபம், ஏழு மணிக்கு ரிசப்ஷன், இப்போது நாலரை. காலை ஆறு மணி ஷிப்ட் பார்த்துவிட்டு பஸ் பிடித்து வந்த உடம்பு, நாற்காலியைக் கண்டாலே தூங்கிவிடும். பழைய பேஸ் கிடாரையும் எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தோம், ஒன்றைச் சுமக்கவே தோளில் தெம்பில்லை, இதில் இரண்டு...

பழசு ஐம்பது வருஷத்துக்கு முந்தைய மாடல், பெங்களூர் ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருவர் வாசித்து இவர் கைக்கு வந்தது. புதுசு, அதே மாடலை அச்சு அசலாக இப்போது மறுபடி போட்டது. செய்தவன் லேசுப்பட்டவன் இல்லை, பழசின் வார்னிஷ் வியர்வையிலும் வெளிச்சத்திலும் மஞ்சளானது, இவன் மஞ்சளையே பூசிவிட்டான், மூலையில் பெயிண்ட் உதிர்ந்த இடம்கூட உண்டு, யாரும் தொடாமலே தேய்ந்த கிடார்! கம்பெனியில் அளவு பார்க்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர் சும்மா இருப்பாரா, வெர்னியர் வைத்துக் கழுத்தை அளந்தார், வித்தியாசம் கால் மில்லிமீட்டர், அதுவும் இவர் கட்டைவிரல் தேய்த்ததாகத்தான் இருக்கும். பழசும் பிறந்தபோது இப்படித்தானே இருந்திருக்கும்... அப்படியானால் ஒரிஜினல் எது, இதுவா அதுவா? சாகிற சுரத்தையும் சேர்த்தே நகல் எடுத்துவிட்டானோ? எடுத்திருக்கட்டும், சாமி, தப்பு கிடாரிலேயே இருக்கட்டும்.

ஏனென்றால் கோபி போன மாதமே சொல்லிவிட்டான். குழுவை நடத்துகிறவன், மரியாதை தெரிந்தவன், அதனால் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "இன்னும் ஒரு புரோகிராம் பாக்கலாம்ணா. அப்பவும் அந்த எடம் சரியா வல்லைன்னா பேஸை நானே கீபோர்டுல வெச்சிக்கறேன். நீங்க ரெஸ்ட் எடுங்க." ரெஸ்ட்! ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கவா? இது ஒன்று இருப்பதால்தானே திங்கட்கிழமை வேலைக்கே போக முடிகிறது. கிடாருக்கு வயசாயிருச்சுப்பா என்று அன்றைக்குச் சமாளித்தார், அடுத்த எட்டாவது ஃபிரெட்தான் தூக்கிக்கொண்டு சுரத்தை இடிக்கிறது என்று அரம் வைத்து ராவினார், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முறுக்கினார், அதற்கும் அடங்கவில்லை என்றுதான் இந்தப் புதுசு.

ரெண்டு மெஷினிலும் ஒரே தப்பு வந்தால் மெஷினைத் தொடாதே, ஆளைப் பார்... இதைக் கம்பெனியில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். ஒரு நொடி வேலைதான், மோதிர விரலை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைத்து அழுத்திப் பார்த்தால் போதும். ஒரு வருஷமாக ஏன் செய்யவில்லை? தோன்றவில்லையா, பயமா? வைத்தார். தட்டினார். சுரம் எழுந்து கணீரென்று நின்றது. பழசை உறையிலிருந்து எடுத்தார், அதிலும் நின்றது, நிறைவாக, ஒரு குறையும் இல்லாமல். அடுத்த ஃபிரெட்தான், இவர் ராவிக் கெடுத்ததுதான், கரகரவென்று இரைந்தது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஒரு பாவமும் அறியாத கிடாரை அரம் போட்டு அறுத்தோமே... மோதிர விரலை மடக்கி நீட்டினார், ஷிப்டுக்கு ஷிப்ட் அதிரும் இரும்பைத் தொட்டுத் தொட்டு அது எப்போது மரத்தது, எந்த வருஷம், எந்த நாள்?

ராஜலட்சுமி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள், இருபது வருஷமாகக் கூடப் பாடுகிறவள், இரண்டு கிடாரையும் பார்த்தாள், விரலையும் பார்த்தாள். "எதை வேணா வாசிங்கண்ணே. அந்த எடத்துல நான் எப்பவும் போல கொஞ்சம் இழுத்துப் பாடிர்றேன், வெளிய தெரியாது."

எப்பவும் போலவா? அந்த இழுப்பு... இந்த ஒரு வருஷமாக அவள் குரலுக்கு ஒரு தனி அழகு வந்திருக்கிறது என்று மேடைக்கு மேடை மைக்கில் சொன்னாரே, ஜூஜுவாடித் திருவிழாவில் கைதட்டச் சொல்லி வேறு கேட்டாரே, அப்போதெல்லாம் இவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றது வெட்கத்தால் இல்லையா? டீ கையில் சுட்டது.

"அண்ணா, எதுண்ணா இன்னைக்கி, பழசா புதுசா?" மேடையிலிருந்து கோபி கேட்டான், இந்த முறையும் முகத்தைப் பார்க்காமல்.