பிளேன்டிச் சோறு

ருஷ்தியும் நிரஞ்சனும் மேடையில் நின்று சனத்தைச் சிரிக்க வைத்து வயிறு வளர்க்கிறவர்கள். கண்டியைச் சுற்றி எந்த ஊரில் சங்கக் கூட்டம், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று எது நடந்தாலும் இவர்களுக்கு அழைப்பு வரும். ஒருவன் பேப்பரில் வந்த விசித்திரச் செய்தி ஒன்றை வாசிப்பான். மற்றவன் வாய்க்கு வந்தபடி அதற்குப் பதில் சொல்வான். அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஒத்திகை கித்திகை ஒன்றும் கிடையாது. மேடையில் காதில் விழும் வரைக்கும் செய்தி என்னவென்று மற்றவனுக்குத் தெரியக்கூடாது.

இதற்கென்று இரண்டு சட்டம் வைத்திருந்தார்கள். மேடையில் மற்றவன் எதைச் சொன்னாலும் மறுக்கக்கூடாது, அதையே பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும் என்பது ஒன்று. நிகழ்ச்சி முடியும் வரை கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது மற்றது. ஒருமுறை மாத்தளையில், மேடை ஏறப்போகிற நேரம் பார்த்து, வீட்டுக் கூரை காற்றில் போய்விட்டதென்று நிரஞ்சனுக்கு போன் வந்தது. மனுஷன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றான். சனம் கூவென்று கத்திக் கேலி செய்தது. அன்றிலிருந்து, செய்தி வாசிக்கிற முறை எவனுக்கோ அவனிடம் இரண்டு போனும் போய்விடும். அழைப்பு வந்தால் அவன்தான் எடுப்பான். நல்லதென்றால் உடனே சொல்வான், கெட்டதென்றால் கடைசியில் சொல்வான். முறை மாறி மாறி வரும்.

நல்ல சட்டம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். நாசமாய்ப் போன சட்டம்.

அன்றைக்குப் பிலிமத்தலாவையில் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா. வாசிக்கிற முறை ருஷ்தியுடையது. காலை பதினொரு மணிபோல கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் வேனை நிறுத்திச் சாப்பிட்டார்கள். நிகழ்ச்சி நாளில் நிரஞ்சன் பாணும் வாழைப்பழமும் தவிர எதையும் தொடமாட்டான். மைக்கில் ஏப்பம் வந்து மானம் போய்விடும் என்று பயம். ருஷ்திக்கு அந்தக் கவலை ஒன்றும் கிடையாது, கொத்து ரொட்டியை மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு இருந்தான். யாழ்ப்பாணத்தில் கூழ் குடித்துவிட்டு வேனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த கதையை நிரஞ்சன் எடுத்தான். அதற்கு ருஷ்தி, அம்பிட்டியவில் ஒரு குரங்கு யாரோ ஒருவருடைய பல்செட்டைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டதாம் என்றான். இனி அந்தக் குரங்கு பட்டாணிக் கடலை கேட்கும் என்றான் நிரஞ்சன். பக்கத்து மேசைக்காரர் தேத்தண்ணீர் புரையேறிச் சிரித்தார்.

நிரஞ்சன் கை கழுவப் போன நேரத்தில்தான் அவனுடைய போன் அடித்தது. அவன் தங்கச்சி நிலூஷா. ருஷ்தியையும் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுடைய அப்பா சின்னமுத்து அம்பிட்டியவில் அவளோடுதான் இருந்தார்.

"ருஷ்தி நானா, அப்பாவுக்கு நெஞ்சு வலி. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லுங்கன்னு டொக்டர் சொல்லிட்டாரு. அப்பா அண்ணனையே கேட்டுகிட்டு இருக்காரு. ஒடனே கூட்டிகிட்டு வந்துருங்க நானா."

"சரி தங்கச்சி. சொல்லுறன்."

சொல்லவில்லை. நிரஞ்சன் ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, யாருடா என்று கேட்டான். போன் கம்பெனிக்காரன், புதுப் பெக்கேஜ் போடச் சொல்லுறான் என்றான் ருஷ்தி. சொல்லிவிட்டு இரண்டு போனையும் நிறுத்திப் பைக்குள் போட்டான். கொத்தில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தது. அதைப் பார்த்து நிரஞ்சன், இது கின்னஸில் போட வேண்டிய செய்தி என்று கேலி செய்தான்.

ஏன் சொல்லவில்லை? சட்டம் என்று ருஷ்தி தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். சட்டம் மட்டும் என்றால் பரவாயில்லை. போன வருசம் மட்டக்களப்பில் நிகழ்ச்சி. அன்றைக்கு வாசிக்கிற முறை நிரஞ்சனுடையது. காலையிலேயே ருஷ்தியின் உம்மா மௌத்தாகிவிட்டார். போன் நிரஞ்சனிடம். அவன் சட்டப்படி நடந்தான். மேடையில் ருஷ்தி துள்ளித் துள்ளி ஆடினான், உம்மா அவிக்கிற வட்டிலாப்பத்தைப் பற்றிக்கூட ஒரு பகிடி விட்டான். எல்லாம் முடிந்த பிறகுதான் நிரஞ்சன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசயத்தைச் சொன்னான். மலையேறி வீடு வந்து சேர்வதற்குள் உம்மாவின் மையத்தை அடக்கிவிட்டார்கள். ருஷ்திக்குப் பார்க்கக் கிடைத்தது ஈர மண் மட்டும்தான். தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போவது எப்பேர்ப்பட்ட கொடுமை என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

மன்னிச்சுக்கடா என்று நிரஞ்சன் அழுதான். ருஷ்தி அவன் தோளில் கையை வைத்து, "நம்மட சட்டந்தானே மச்சான்" என்றான். பெருந்தன்மை என்று எல்லாரும் மெச்சினார்கள். அவன் உள்ளுக்குள் என்ன சொன்னான் என்று ஒருவருக்கும் தெரியாது. உனக்கும் இப்படி ஒரு நாள் வரும், அப்ப பார் என்று சொன்னான்.

வந்துவிட்டது. அவன் கேட்டபடியே வந்துவிட்டது.

வேனை ருஷ்திதான் ஓட்டினான். கண்டி டவுனைத் தாண்டிப் பேராதனைப் பக்கம் போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. அந்த இடத்தில் வந்து, வேண்டுமென்றே செய்த மாதிரி, ட்ராபிக் இறுகி நின்றது. பார்சலும் கையுமாகச் சனம் வாசலுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு திருப்பு திருப்பினால் உள்ளே. உம்மா போன பிறகுதான் நிரஞ்சன் என்னிடம் மறைத்தான், இவனுடைய அப்பா இன்னும் உயிரோடு இருக்கிறார், இரண்டும் ஒன்றல்ல என்று ருஷ்தியின் மனசாட்சி கிடந்து அடித்துக்கொண்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மட்டும் அசையவில்லை. நிரஞ்சன் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசல் கடைகளில் வடை எப்போதும் பெரிதாக இருக்கும், உள்ளே போனால் திரும்பி வருவோமா தெரியாது என்று ஆட்கள் வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள் என்றான். ருஷ்தி சிரித்தான். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. அவனும் நகர்ந்தான்.

பிலிமத்தலாவையில் ஹோல் நிறைந்திருந்தது. சாப்பிட்டு முடித்துக் கதிரைகளில் சாய்ந்திருந்த சனம். ருஷ்தி காலையில் வெட்டி வைத்த செய்தி சட்டைப் பையில் இருந்தது. நிலூஷா பேசுவதற்கு முன்பே வெட்டியது. வேறு செய்தி கைவசம் இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டில், ஆஸ்பத்திரிச் சாப்பாடு பிடிக்காத கிழவர் ஒருவர், கட்டில் விரிப்புகளை முடிந்து கயிறாக்கி ஜன்னலால் இறங்கி, எதிர்க்கடையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, திரும்ப வந்து கட்டிலில் படுத்துக்கொண்டாராம். அதைத்தான் வாசித்தான்.

நிரஞ்சனுக்கு அல்வா கிடைத்த மாதிரி. "அது எங்கப்பாவாத்தான் இருக்கும்" என்று தொடங்கினான்.

அவனுடைய அப்பா, சோற்றில் பிளேன்டியை, பால் விடாத வெறும் தேத்தண்ணீரை, ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் கறிக்கு வழியில்லாத நாட்களில் பழகிய பழக்கம். இப்போது மகள் வீட்டில் கோழிக்கறி வைத்தாலும், கடைசி இரண்டு கவளத்துக்குப் பிளேன்டி வேண்டும். சீனி போடாமல், சூடாக. இந்தப் பகிடியை நிரஞ்சன் இலங்கை முழுக்கச் சொல்லியிருக்கிறான். அது எங்கே போனாலும் எடுபடும். கல்யாண வீட்டில் பிரியாணிக்கு பிளேன்டி கேட்டு மாப்பிள்ளை வீட்டாரைப் பதற வைத்தது, ரசம் கொண்டு வந்தவனிடம் இது எந்தத் தோட்டத்துத் தூள் என்று விசாரித்தது என்று அவன் அடுக்க அடுக்க, வியாபாரிமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த மனுஷன் எங்கேயோ கட்டிலில் கிடந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு ருஷ்தியை விடவில்லை. இனித் தாங்காது என்று தெரிந்தது. மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"நிரு, ஒங்க அப்பா ஆஸ்பத்திரியில ஈக்கிறார். நெஞ்சு வலி. ஒன்னத்தான் கேக்கிறாராம். வா போவம்."

மேடையில் சொன்னதை மறுக்கக்கூடாது. பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும். வருசக் கணக்காகப் பழகிய வாய் வேறு என்னதான் செய்யும்?

"பாத்தீங்களா? விரிப்பு முடிய ஆரம்பிச்சிருப்பாரு" என்றான் நிரஞ்சன். ஹோல் அதிர்ந்தது. "என்னைய ஏன் கேக்குறாரு? பிளேன்டி ஊத்தத்தான். நர்ஸம்மாரு சீனி போட்டுட்டாங்களாம், கோவத்துல நெஞ்சு வலிச்சிருச்சாம்."

"நிரு, பகிடி இல்ல. நிலூஷா பேசினா."

"பேசுவா பேசுவா. சோத்த வடிச்சு வச்சுட்டு, தேயிலத் தூள் முடிஞ்சிருச்சுன்னு பேசியிருப்பா."

கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தானே வெட்டிய குழிக்குள் இரண்டு பேரையும் தள்ளிவிட்டோம் என்று ருஷ்திக்குப் புரிந்தது. சொன்னாலும் பகிடி, அழுதாலும் பகிடி. இந்தப் பாழாய்ப் போன மேடையில் உண்மை பேச ஒரு வழியும் இல்லை.

"அல்லாஹ் மேல சத்தியமா" என்றான்.

மேடையில் அவன் ஒரு நாளும் சத்தியம் பண்ணினதில்லை. பகிடிக்கு இறைவன் பெயரை இழுக்கமாட்டான், அது நிரஞ்சனுக்கு நன்றாகத் தெரியும். நிரஞ்சனுடைய கண் மாறியது. ஆனால் அவன் வாய் ஏற்கெனவே அடுத்த வசனத்துக்குள் போய்விட்டிருந்தது.

"செத்தாலும் வாய்க்கரிசில பிளேன்டி ஊத்தச் சொல்லி..."

முடிக்கவில்லை. மீதியைச் சனம் தானாகவே முடித்துக்கொண்டு சிரித்தது. மைக்கைக் கதிரையில் வைத்துவிட்டு அவன் படியிறங்கி ஓட, ருஷ்தி பின்னால் ஓட, என்ன நடிப்பப்பா என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். வேனில் ஏறிக் கதவைச் சாத்தும் வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

வழியில் நிரஞ்சன் போனை மட்டும் கேட்டான். திறந்தால் நிலூஷாவின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. திருப்பி எடுத்தான், அவள் தூக்கவில்லை. எப்போது சொன்னாள் என்று அவன் கேட்பான், கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ருஷ்தி காத்துக்கொண்டு ஓட்டினான். நிரஞ்சன் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கிட்ட வந்ததும், காலையில் நின்ற அதே இடத்தில் பஸ்களுக்குப் பின்னால் மறுபடி நிற்க வேண்டி வந்தது. நிரஞ்சன் வாசலைப் பார்த்தான். வடைக் கடையைப் பார்த்தான். பிறகு திரும்பி ருஷ்தியைப் பார்த்தான். கதவைத் திறந்து இறங்கி ஓடினான்.

வேனை ஓரங்கட்டிவிட்டு ருஷ்தி உள்ளே போனபோது, வார்ட்டுக்கு வெளியே வாங்கில் நிலூஷா குந்தியிருந்தாள். நிரஞ்சன் அவள் முன்னால் நின்றான். ருஷ்திக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இப்பத்தான்ணே" என்று அவள் அழுதாள். "அண்ணன் வந்துகிட்டு இருக்கான், வந்துகிட்டு இருக்கான்னு காலையிலருந்து சொல்லிகிட்டே இருந்தேன். ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் கண்ணத் தொறந்தாரு. ருஷ்தி நானாகிட்ட அப்பவே சொல்லிட்டேனே. எங்கண்ணே நின்னீங்க?"

ருஷ்தி வாயைத் திறந்தான். எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் திறந்தான். நிரஞ்சன் முந்திக்கொண்டான்.

"ரோட்டுல பிளாக்கும்மா."

அவள் தலையைத் தடவினான். உள்ளே போய் அப்பாவைப் பார்த்தான், நெடுநேரம் பார்த்தான். முகத்தில் கைவைத்துப் பார்த்தான். அதுவாவது அவனுக்குக் கிடைத்தது. வெளியே வந்தபோது கண்ணில் ஒரு சொட்டு இல்லை. சுவரோடு ஒட்டி நின்ற ருஷ்தியிடம் நேரே வந்தான். அடித்திருந்தால் ருஷ்தி வாங்கியிருப்பான். காலில் விழச் சொன்னால் விழுந்திருப்பான்.

மன்னிச்சுக்கடா என்று ருஷ்தி கதறினான். நிரஞ்சன் அவன் தோளில் கையை வைத்தான்.

"நம்ம சட்டந்தானே மச்சான்" என்றான்.

மெதுவாகத்தான் சொன்னான். தோளில் தட்டியும் கொடுத்தான். அங்கே நின்ற சொந்தக்காரர் ஒருவர், பாருங்க அந்தப் பிள்ளையின் மனசை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ருஷ்தியின் காதில் விழுந்தது. அந்த வார்த்தைக்கு அடியில் என்ன இருக்கும் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

ருஷ்தியின் கட்டுகஸ்தோட்டை வீட்டில் அவனுடைய வாப்பா தனியாக இருக்கிறார். உம்மா போனதிலிருந்து அவருக்கும் சரியில்லை, படியேறினால் மூச்சு வாங்குகிறது. ருஷ்தி தன் போனைத் திறந்து அவருக்கு எடுத்தான். சாப்பிட்டேன் மகன், நீ சாப்பிட்டியா என்று வாப்பா கேட்டார். சாப்பிட்டன் வாப்பா என்றான். அடுத்த மாதம் வவுனியாவில் நிகழ்ச்சி. வாசிக்கிற முறை நிரஞ்சனுடையது.