தைலம்மாள் பேர் போட்ட கழனி

கோமுகி அணைக்குக் கீழே, கச்சிராயபாளையம் பக்கத்தில், ஜெயப்பிரகாஷின் கரும்புக் கழனி வரப்பில் திடீரென்று ஒரு நீலத் தகரப் பலகை முளைத்திருந்தது. சொட்டுநீர்ப் பாசனம், முழு மானியம், பயனாளி தைலம்மாள், கணவர் பெயர் மாயவன். களை வெட்ட வந்த தைலம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். திரும்பப் படித்தாள். அப்போதும் அவள் பெயர்தான் இருந்தது.

அவளுக்குச் சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஜெயப்பிரகாஷுக்கோ நிலம் ஜாஸ்தி, அதனாலேயே மானியம் கம்மி. முழு மானியம் சிறு விவசாயிக்கு மட்டும்தானாம். மனுஷர் லேசுப்பட்டவரா? அந்தக் கழனியை இவளுக்குக் குத்தகைக்கு விட்டதாக எழுதி, கையெழுத்து வாங்கி, குழாயோரம் நிறுத்திப் படமும் பிடித்துவிட்டார். இவளும் நூறு நாள் வேலைக்கு என்று நினைத்து, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருக்கிறாள்.

விஷயம் புரிந்ததும் கோபம் வந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன மனதுக்குக் கோபம் வரவில்லை, கனவு வந்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிய பனி கரும்புத் தோகைமேல் படிந்து கிடக்கும்போதே வந்து வரப்பைச் சுற்றி நடப்பாள். குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒவ்வொரு சொட்டும் தன் பேரைக் கேட்டுக்கொண்டு இறங்குவதாகத் தோன்றும். மத்தியானம் புங்கமரத்தடியில் கண்ணை மூடினால் கரும்பு மொத்தமும் கரைந்துபோய், மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். செடியைப் பிடுங்குவாள், கொத்துக் கொத்தாகக் காய் வரும், ஈரமண் வாசனை மூக்கில் ஏறும். கனவிலும் கூலியாட்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு டீயும் வடையும் நேரத்துக்குப் போனது.

"இன்னா மிராசுதாரம்மா, கழனியச் சுத்திப் பாத்துட்டியா?" என்று பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் மாயவன் காலைத் தட்டி எழுப்புவான்.

கனவு கொடுத்த தைரியத்தில் ஒருநாள் ஜெயப்பிரகாஷிடம் கேட்டே விட்டாள். "ஐயா, வாய்க்கா ஓரத்துல அந்த மூலை சும்மாதான கெடக்குது. நான் மல்லாட்ட போட்டுக்கட்டுங்களா?"

"ஆபீசர் வந்து பாத்துட்டுப் போவட்டும். அவருகிட்ட ஒழுங்காப் பேசு, அப்புறம் பாக்கலாம்."

அன்று முதல் அந்த மூலைதான் அவளுக்கு உலகம். பாய் விரிக்கிற அகலத்துக்கு இருக்கும், அதற்குள் எவ்வளவோ விளைந்தது.

அதிகாரி ஒரு காலையில் வந்தார். மற்றவர்கள் களை வெட்டிக்கொண்டிருக்க, தைலம்மாள் மட்டும் பலகையருகே நின்றாள்.

"இது நீங்க பயிர் பண்ற நெலந்தானம்மா?"

"ஆமாங்க."

பொய் சொல்கிற நடுக்கம் அவள் குரலில் துளியும் இல்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

"அடுத்து என்ன போடுவீங்க?"

கரும்பு என்று சொல்லத்தான் ஜெயப்பிரகாஷ் சொல்லிக் கொடுத்திருந்தார். "மல்லாட்டைங்க," என்றாள் தைலம்மாள். "வரப்போரமா சாமந்தி வெப்பேன். சாமிக்குப் போவ மிச்சத்த எங்க வூட்டுப் பொண்ணுங்க வெச்சிக்கும்."

அதிகாரி சிரித்துவிட்டார். அம்மாவுக்கு நிலத்தின்மேல் நல்ல ஆசை என்று ஜெயப்பிரகாஷிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். தைலம்மாளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கியதும் கேட்டாள். "ஐயா, அந்த மூலை..."

"மூலை எதுக்கு? முழுக் கழனியும் ஒம் பேருலதான கீது!" ஜெயப்பிரகாஷ் தன் பேச்சுக்குத் தானே சிரித்து வண்டியை முறுக்கினார்.

அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது. குனிந்து களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

சாயங்காலம் மேஸ்திரி அய்யப்பன் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து, அன்று வேறு கழனி வேலைக்குப் போயிருந்த மாயவன் கையில் வைத்தாள்.

"இன்னா, ஒனக்கு மட்டும் அரைக்கூலிதான் கீது?"

"காலைல வேல செய்யலியாம். புடிச்சிக்கினாங்க."

"வேல செய்யாம இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"நெலம் வெச்சிக்கினு இருந்தேன்," என்றாள் தைலம்மாள்.