குளிருக்குச் செய்த கார்

திருக்காட்டுப்பள்ளி மிராசுதார் இராஜாங்கத்தின் கார், ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன சீமைக் கார். குளிருக்குச் செய்தது, ஹீட்டர் வைத்தது. நம் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். வயசாகி ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு, கொஞ்ச தூரம் போனாலே அது கொதிக்கத் தொடங்கிவிடும்.

நில உச்சவரம்பு, கூலித் தகராறு என்று ஊர் இரண்டுபட்டிருந்த காலம். சாலையோரம் கொடியோடு நிற்கிற கூலி ஆட்களைப் பார்க்கப் பிடிக்காமல் இராஜாங்கம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் போவார். டிரைவர் வீரையன் அந்த ஆட்களின் தெருவில் பிறந்தவன், பட்டாளத்தில் பனிமலையில் லாரி ஓட்டியவன். ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் எஞ்சின் சூடு காருக்குள் இறங்கிவிடும், வண்டி கொதிக்காது என்பது அவனுக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கிவிட்டால் உள்ளே இருப்பவர்களும் தாங்கலாம்.

போன தை மாதம் அவன் மனைவி அம்சத்துக்குப் பிள்ளை குறுக்கே நின்றபோது, இதைச் சொல்லித்தான் கார் கேட்டான். கொதிக்கிற வண்டி தஞ்சாவூர் போய்ச் சேராது என்றுவிட்டார் இராஜாங்கம். மாட்டு வண்டி கட்டினான். வழியிலேயே தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. பழைய வண்டிதானே, ஐயா என்ன செய்வார் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்தான். இப்படியும் ஒரு மனுஷன்!

இப்போது மிராசுதார் மகள் நீலாம்பாளுக்கு அதே நிலைமை. காரில் ஏற்றிப் பாதி வழி போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஏதாவது பண்ணுடா என்று இராஜாங்கம் கெஞ்சினார். வீரையன் ஹீட்டரைத் திறந்தான். காருக்குள் அனல் அடித்தது. கண்ணாடியை இறக்கச் சொன்னான். வெளியே கொடியோடு ஆட்கள் நின்றார்கள், அவர் கை தயங்கியது. மகள் மூச்சுத் திணறியதும் இறக்கினார். நின்றவர்கள் உள்ளே பார்த்தார்கள். விலகி வழிவிட்டார்கள்.

முள் மெல்ல இறங்கியது. வீரையன் அதையே பார்த்தான். வண்டி நின்றுபோனால் அம்சம் செத்தது வண்டியின் குற்றம் என்றாகும், நின்று போகட்டுமே என்று ஒரு கணம் நினைத்தும்விட்டான். பின்சீட்டில் அந்தப் பெண் முனகிய சத்தம் கேட்டது. காலை இன்னும் அழுத்தினான்.

பேரன் பிறந்தான். தாயும் பிழைத்தாள். வேர்வையில் நனைந்த சட்டையோடு இராஜாங்கம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்.

"வண்டி தாங்கிடுச்சுடா வீரையா."

"அன்னைக்கும் தாங்கியிருக்குமுங்க."

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, கொடிக்காரர்கள் நின்ற சாலைப் பக்கமாக நடந்தான்.