முட்டி வலி

ஜெயமேரிக்கு முட்டியில் ஒரு கோளாறும் கிடையாது. மூன்று பிள்ளை பெற்ற உடம்பு. பூசையில் முழங்காலிட்டு எழுந்தால் போதும், ஒண்ணுக்கு முட்டிக்கொண்டு வந்துவிடும். கோயிலைவிட்டு ஓடுவாள், பாதி வழியிலேயே சேலை நனைந்துவிடும். காரணம் கேட்ட பங்குச் சாமியாரிடம், "முட்டுது சாமி" என்று வாய்வரை வந்ததை "முட்டி வலி" என்று முடித்துவைத்தாள். பாவம், அந்த மனிதர் கதவோரம் நாற்காலி போடச் சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் மகள் டெய்சிக்கு மே மாதம் கல்யாணம் என்று முடிவானது.

"என் பக்கத்துல முழங்கால் போடணும்மா நீ. கதவோரம் உக்கார நீ என்ன வேடிக்கை பாக்க வந்தவளா?"

அன்றே கொல்லைக்கு ஓடியவளைப் பக்கத்து வீட்டுக் கமர் நிஷா பார்த்துவிட்டாள். பிரசவ வார்டு நர்ஸ் ஆயிற்றே, அவளிடமா மறைக்க முடியும்?

"ஓடாதீங்கக்கா, ஓடுனா அது இன்னும் முந்தும். அப்படியே நில்லுங்க. ஒண்ணுக்கை அடக்குற மாதிரி அடிய இறுக்கி மேல இழுங்க, அப்புறம் தளர்த்துங்க. அவசரம் அடங்குனதும் மெதுவா நடங்க. எழுந்திரிக்கிறப்ப மூச்சைப் புடிக்காதீங்க, விட்டுக்கிட்டே எழுங்க. தெனம் பழகணும்."

எண்ணுவதற்கு ஜெயமேரிக்கு ஜெபமாலை இருந்தது. ஜெபத்தின் முன்பாதி 'அருள் நிறைந்த மரியே'க்கு இறுக்கம், பின்பாதி 'அர்ச்சிஷ்ட மரியே'க்குத் தளர்ச்சி. மூன்று மாதம் விடவில்லை. என்றுமில்லாத பக்தி என்று புருஷனே மலைத்துப்போனார்.

கல்யாணப் பூசையில் மணி அடித்ததும் மகளருகே முழங்காலிட்டாள். எழும்போது வந்தது பாருங்கள், பழைய சனியன்! இறுக்கினாள், மூச்சை விட்டாள், எழுந்தாள். அது அடங்கிவிட்டது. நிஷா, நீ நல்லா இருக்கணும்டி என்று நின்ற இடத்திலேயே அழுதாள்.

"மாதா புதுமை! அற்புதம்!" என்றார் சாமியார். "நன்றிப் பூசை வையும்மா."

"வைக்கிறேன் சாமி. கமர் நிஷா பேரையும் சேர்த்து வாசிங்க."

மறு ஞாயிறு வாசித்தார்: "ஜெயமேரியின் முட்டி வலி நீங்கியதற்காக மாதாவுக்கும், உதவிய கமர் நிஷாவுக்கும் நன்றி."

சாயங்காலம் கமர் நிஷா வீட்டு வாசலில் பதினோரு பெண்கள். பாடகர் குழு செல்லம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"எங்களுக்கும் முட்டி வலிதாம்மா."

கமர் நிஷா யார் முட்டியையும் பார்க்கவில்லை. "தும்முனா வலிக்குமா?" என்று கேட்டாள்.

பதினோரு தலையும் ஆடின.

"அக்கா, பாய் எடுத்துட்டு வாங்க" என்று வேலிப் பக்கம் குரல் கொடுத்தாள். ஜெயமேரி சிரித்துக்கொண்டே போனாள். ஓடவில்லை, நடந்தே போனாள்.