வழுக்கும் தரை

ஏட்டு பாலுசாமி மரியாதையில் குறை வைக்காத மனுஷன். காலையில் சஹீரின் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்தவர், "ஏனுங்க தம்பி, ஒரு திருட்டுப் போன் விஷயமுங்க. சும்மா விசாரிச்சுப்போட்டு அனுப்பிடறமுங்க" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிப்போனார். அந்த 'சும்மா'வைக் கேட்டுத்தான் அக்கா மெஹராஜ் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடினாள். போன வருஷம் இதே 'சும்மா'வுக்குப் போன பக்கத்துத் தெரு அஃபான் கையில் மாவுக்கட்டோடு திரும்பினான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானாம். அதே பாத்ரூமுக்குத் தினமும் போகிற போலீஸ்காரர் ஒருத்தர்கூட இதுவரை வழுக்கியதில்லை.

ஸ்டேஷன் வாசலில் நின்று வக்கீல் கயல்விழிக்குப் போன் போட்டாள்.

"அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லீங்களா?"

"அடிச்சா கேஸ் போடலாமுங்கக்கா. ஆனா சித்திரவதைக்குன்னு தனிச் சட்டம் இல்லீங்க. உலக நாடுகளோட ஒப்பந்தத்துல நம்ம நாடு தொண்ணூத்தேழுலயே கையெழுத்துப் போட்டுது. அதை உறுதி பண்ணி, இங்க சட்டமாக்குறதுதான் இன்னும் நடக்கல."

"நிச்சயம் பண்ணிப்போட்டு நிக்காவை மறந்துட்டாங்களா?"

"கோர்ட்டுல இருந்து கெளம்பிட்டேனுங்க. ஒரு மணி நேரத்துல வாரேன்."

தொண்ணூற்றேழில்தான் சஹீர் பிறந்தான். ஒரு மணி நேரம். ஒரு கையை ஒடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

உள்ளே போனாள். பாலுசாமி நாற்காலி போட்டு, டீயும் சொன்னார். "தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. என்ன, நம்ம பாத்ரூம்தான் கொஞ்சம் வழுக்குமுங்க."

மெஹராஜ் எழுந்து எதிர்க்கடைக்கு ஓடினாள். பிளீச்சிங் பவுடரும் சீமாறும் வாங்கி வந்தாள்.

"நான் கழுவித் தந்துபோடறேனுங்க."

யாரும் தடுக்கவில்லை. சிரித்தார்கள். கை எரிய எரியப் பாசியைத் தேய்த்தாள். கடைசியில் துப்பட்டாவாலேயே ஈரத்தைத் துடைத்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் தம்பி இருமுவது கேட்டது. இருமுகிறான், இன்னும் நன்றாகத்தான் இருக்கிறான் என்று அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

வெளியே வந்து, "இனி வழுக்காதுங்க" என்றாள்.

பாலுசாமி போய் எட்டிப் பார்த்தார். நிஜமாகவே மெச்சிக்கொண்டார். "பளபளன்னு ஆக்கிப்போட்டீங்க அம்மணி." அப்புறம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஆனா மாடிப்படி ஒண்ணு இருக்குதுங்களே."

மெஹராஜ் அண்ணாந்து பார்த்தாள். அந்த ஸ்டேஷனுக்கு மாடியே இல்லை.