ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு

மங்களம் கோப்பித் தட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்து முடிப்பதற்குள் அவள் கணவர் துரைசாமி முந்திக்கொண்டார்.

"எங்க வீட்டு ஓட்டு பினாங்குக்கு. எழுதிக்க, அன்வரு."

சிங்கப்பூர் தேக்கா உணவு நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு உட்கார இடம் கிடைத்ததே பெரிய காரியம். பக்கத்துச் சந்தையில் மீன் வெட்டுகிற சத்தம், பிரியாணிக் கடைகளின் முன் நீண்டு வளைந்த வரிசைகள், தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தும் காற்றைத் தராத மின்விசிறிகள். இத்தனைக்கும் நடுவில் நான்கு பேர் ஒரு மேசையைப் பிடித்துத் தேர்தல் நடத்திக்கொண்டிருந்தார்கள். சிரிக்காதீர்கள், தேர்தல்தான். அன்வர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஏதாவது வெளிநாட்டு நகரத்துக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வர முடிந்தவர்கள் இங்கே கூட வேண்டும். இதுவரை பார்த்த ஊர்களில் எந்த ஊரில் குடியிருக்கலாம் என்று ஓட்டுப் போட வேண்டும். ஊர்ப் பெயர் மட்டும் போதாது. அங்கே போய் இறங்கிய மறுநாள் காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாடு சொல்லாத ஊருக்கு ஓட்டு செல்லாது.

"நாசி கண்டார்," என்றார் துரைசாமி, கண்ணை மூடிக்கொண்டு. "மீன் முட்டை, வெண்டைக்காய், வறுத்த கோழி. நாலு குழம்பையும் ஒண்ணா ஊத்தச் சொல்லணும். பாஞ்சிர்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சோறு மிதக்கும்!"

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர் அவர். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பினாங்குச் சாப்பாட்டோடு ஒப்பிட்டு, பாவம் என்று அந்த ஊருக்காக இரக்கப்பட்டுவிட்டு வருவார். இந்த முறை அது வெறும் பேச்சாக இல்லை. அன்று மாலை நான்கு மணிக்கு வீட்டு ஏஜெண்ட் தோ பாயோவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு வருகிறார். புருஷனும் பெண்டாட்டியும் கையெழுத்துப் போட்டால் இருபத்தாறு வருடம் குடியிருந்த வீடு விற்பனைக்குப் போய்விடும். அதன் பிறகு பினாங்குதான், துரைசாமியின் அக்கா சந்திரமதி வீட்டுக்கு அடுத்த வீடு. புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் மகன்கூட, உங்க இஷ்டம்ப்பா என்று சொல்லிவிட்டான். மங்களத்தை யாரும் கேட்கவில்லை. அவளும் ஒரு வாரமாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருடம் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் பயணிகளுக்கு வழி சொன்னவள் அவள். ரயில் பழுதாகி ஆயிரம் பேர் திரண்டு நின்றபோது ஒற்றைக் கையை உயர்த்தி அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தியவள். அந்தக் குரல் ஏனோ சீருடையோடு ஸ்டேஷனிலேயே கழன்றுவிடும், வீட்டுக்கு வராது.

"அங்கிள், ஒரு டவுட்," என்றாள் யாமினி. கோயம்புத்தூரிலிருந்து துபாய், பெர்லின் என்று வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கும் பெண். குழுவுக்குப் புதியவள், போன வாரம் முடிந்த தைவான் பயணம்தான் அவளுக்கு முதல் பயணம். "அது உங்க ஓட்டு. ஆன்ட்டி ஓட்டு எங்க?"

"ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டு லா," என்றார் அன்வர். "பதினோரு வருஷமா அதான் ரூல்."

"யார் போட்ட ரூல்?"

"நான்தான். எம் பொஞ்சாதி பிளேன்ல ஏறமாட்டா. நான் ஒத்தை ஆளு. ஜோடியா வர்றவங்கல்லாம் ரெண்டு ரெண்டு ஓட்டுப் போட்டா என் இஸ்தான்புல் எப்படி ஜெயிக்கும்?"

"இப்ப மட்டும் ஜெயிச்சுச்சா?"

"ஒரு தடவைகூட இல்ல." அன்வர் தன் தே தாரிக் தேநீரை ஊதிக் குடித்தார். "உன் ஓட்டைச் சொல்லு முதல்ல. பெர்லினா?"

"ஐயோ வேண்டாம். ரொட்டி அவ்ளோ நல்லாருக்கும் அங்கிள். ஆனா ஞாயித்துக்கிழமை ஊரையே பூட்டிருவாங்க. ஒரு பாக்கெட் தயிர் வாங்க முடியாது. என் ஓட்டு ஹனோய். தெருவோரம் குட்டி ஸ்டூல்ல உக்காந்து முட்டைக் காப்பி."

"காப்பியில முட்டையா!" துரைசாமி முகத்தைச் சுளித்தார். "தைவான்காரன் தேவலாம் போலிருக்கே. ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு டிஷ்யூ பாக்கெட்டோட அருமை தெரியல. இவ பண்ணின கூத்தைக் கேளு."

அவர் சொல்ல ஆரம்பித்தார். காவ்சியுங் நகரத்தில், விடுதிக்குப் பின்னால் ஒரு காலைச் சந்தை. இங்கே நாமெல்லாம் செய்கிற மாதிரியே மங்களம் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு, வரிசையில் போய் நின்றிருக்கிறாள். கடைக்காரக் கிழவி அந்தப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து அவள் கையில் கொடுத்திருக்கிறாள். மங்களம் மறுபடி கொண்டுபோய் வைக்க, கிழவி மறுபடி ஓடிவர, மூன்று முறை.

"மூணாவது தடவை அந்தக் கிழவி இவளைப் பார்த்த பார்வை இருக்கே! பாவம், ஞாபகமறதி முத்திப்போச்சுன்னு நினைச்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மங்களமும் சிரித்தாள். கதை அதோடு முடியவில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்தப் பார்வையைக் கண்டதுமே துரைசாமி எதிர்க் கடையில் மீன் கஞ்சி நன்றாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அந்த மூன்றாவது முறை கிழவி பாக்கெட்டைக் கையில் கொடுக்கவில்லை. மங்களத்தின் தோளைப் பிடித்து, பேசாமல் உட்கார் என்பது போல் ஸ்டூலில் அழுத்தி உட்காரவைத்தாள். அந்தப் பாக்கெட்டை அவள் மடியில் வைத்தாள். போய்ச் சூடான சோயா பாலும், முட்டையை வைத்துச் சுருட்டிய மெல்லிய ரொட்டியும் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, அவள் முதல் வாய் சாப்பிடுகிறவரை இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். ரொட்டியின் ஓரம் முறுகி இருந்தது. உள்ளே வெங்காயத்தாள். நாற்பது வருடமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தவளுக்கு, தட்டு தன்னைத் தேடி வருகிறது என்பதே புரியச் சற்று நேரம் பிடித்தது. மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். நான்காம் நாள் கிழவி இவளைத் தூரத்தில் கண்டதுமே கல்லில் மாவை ஊற்றினாள்.

"சரி ஆன்ட்டி, ரூலை இன்னைக்கு மாத்துவோம்," என்றாள் யாமினி. "உங்களுக்கும் பினாங்குதான்னே வெச்சுக்குவோம். மறுநாள் காலையில என்ன சாப்பிடுவீங்க?"

மங்களம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சுலபமான கேள்விதானே. பினாங்குக்கு எத்தனை முறை போயிருக்கிறாள், கல்யாணமான வருடத்திலிருந்து எண்ணினால் பதினான்கு முறை. அங்கே சாப்பிட்டதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சாம்பார், வெந்தயக் குழம்பு, பதினைந்து பேருக்கு வைத்த கோழிக் குழம்பு, எல்லோரும் எழுந்துபோன பிறகு ஆறிப்போய்க் கிடந்த கடைசி இரண்டு தோசை.

"நான் சமைச்சதுதான்," என்றாள்.

அன்வர் பலமாகச் சிரித்தார். யாமினி சிரிக்கவில்லை.

"ஜோக் இல்ல தம்பி. பதினாலு தடவை போயிருக்கேன். அங்க ஒரு கடையில உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டதில்ல. கடல் அந்த வீட்டுலேருந்து பத்து நிமிஷம்னு சொல்லுவாங்க, அதையும் பார்த்ததில்ல."

"என்ன பேசுற நீ?" துரைசாமி கோப்பியைக் கீழே வைத்தார். "தினம் பார்சல் வாங்கிட்டு வருவேன்ல?"

"வரும். உங்க அக்கா பேரப்பிள்ளைங்க ஏழு. எல்லாருக்கும் வெச்சு முடிச்சாக் குழம்பு ஒட்டின காகிதம் இருக்கும். தொட்டு நக்கிப் பார்த்திருக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"அங்க போனா நீ சமையக்கட்டை விட்டே வெளியில வரமாட்ட. உனக்குப் பிடிச்சிருக்குன்னுல்ல நான் நினைச்சேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் மங்களத்துக்கும் தெரிந்தது. முகத்தில் கள்ளமில்லாத திகைப்பு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் வாயை மூடியிருக்கிறாள். இன்றைக்கு அதே முகத்தைப் பார்த்தபோது, இவருக்குச் சொன்னால் புரியும் என்று தோன்றியது. ரயில் பழுதான அன்றைக்குத் தொண்டையில் வந்து உட்கார்ந்த அதே தெம்பு இப்போதும் வந்து உட்கார்ந்தது.

"சந்திரமதி அண்ணி கெட்டவங்களா இருந்தா நான் எப்பவோ சொல்லியிருப்பேன். நல்லவங்க. உன் கை பட்டாத்தான் ருசின்னு சொல்லிச் சொல்லியே கரண்டியக் கையில குடுத்துருவாங்க. பக்கத்து வீட்டுக்கே போயிட்டா அந்தக் கரண்டிய நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

பக்கத்து மேசையில் கட்டுமான வேலைக்கு வந்த நான்கு பேர் சோற்றை ஊருக்குக் காட்டியபடி வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்வர் தொண்டையைச் செருமினார். "அப்ப உங்க ஓட்டு, அக்கா?"

"காவ்சியுங். சோயா பாலும் முட்டை ரொட்டியும்."

"அந்த ஊர்ல போய் இருக்கப்போறியா?" துரைசாமியின் குரல் சற்று உயர்ந்தது. "பாஷை தெரியுமா உனக்கு?"

"தஞ்சோங் பகார்ல என்கிட்ட வழி கேட்டவங்க பாதிப் பேருக்கு என் பாஷை தெரியாது. போய்ச் சேர்ந்தாங்கல்ல? ஒரு மாசம், ரெண்டு மாசம் போய் இருந்து பார்க்கணும்னு ஆசை. நீங்களும் வந்தா நல்லாருக்கும். ஆனா திரும்பி வர்றதுக்குத் தோ பாயோ வீடு வேணும். நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடலைங்க."

"அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன் மங்களம்."

"தெரியும். நீங்க குடுத்தீங்க."

துரைசாமி மிச்சக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார். அப்புறம் எழுந்தார். போய்விடுவாரோ என்று யாமினி நிமிர்ந்து பார்த்தாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ என்ன சாப்பிடுற?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான், தனக்கு அது தெரியாது என்பது அவருக்கே உறைத்தது போலிருந்தது.

"நீங்களே பார்த்து வாங்கிட்டு வாங்க."

அவர் போனார். ஒரு பிரியாணி வரிசையில் நின்றார். இரண்டு நிமிடத்தில் அதை விட்டு விலகி, அடுத்த கடையின் பலகையை அண்ணாந்து படித்தார். எதிரே தட்டோடு வந்த ஒரு பெண்மணியின் தட்டை எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார், அவளும் கையை நீட்டித் திசை காட்டினாள். அந்த நேரத்தில்தான் மேசைமேல் அவர் விட்டுப்போன கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'அக்கா'.

அன்வர் மங்களத்தைப் பார்த்தார். மங்களம் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அண்ணி, நான் மங்களம்... ஆமா, தேக்காவுலதான்... இல்லண்ணி, இன்னும் கையெழுத்துப் போடல. அதப்பத்தி நானே உங்ககிட்ட நிறையப் பேசணும். அவரு வரிசையில நிக்கிறாரு... சாப்பாடு வாங்க." அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி. மங்களம் அதைக் கேட்டுவிட்டுச் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குத்தான் அண்ணி... ஆமா, எனக்கு."

கைப்பேசியில், பினாங்கு வீட்டில் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்து அடங்குவது கேட்டது. கூட்டத்துக்கு நடுவில் துரைசாமி வந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்திருந்தார். அதில் ஒரு பெரிய கிண்ணம் விளிம்புவரை நிறைந்திருந்தது. யாரோ குறுக்கே போனால் நின்றார், குழம்பு அலைந்து அடங்குகிறவரை காத்திருந்தார், மறுபடி ஓரடி எடுத்து வைத்தார். கண்ணைக் கிண்ணத்திலிருந்து எடுக்கவேயில்லை.